ஐஸ் மலையும் மச்சினன் கயிறும்

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்த முடியப்பன்துறை ஜனங்கள், கிழக்கே கடலுக்குள் இரண்டு மைல் தூரத்தில் ஒரு மலை நிற்பதைப் பார்த்தார்கள். அடியில் நீலம், நடுவில் சாம்பல், உச்சியில் கண் கூசுகிற வெள்ளை. அந்த வெள்ளையிலிருந்து ஆறு மாதிரி இறங்கி வந்த பனி, கடலைத் தொடும் இடத்தில் மதில் மாதிரி முறிந்து நின்றது. எஸ்தாக்கி கிழவன்தான் முதலில் பேசினான். "போச்சு, பெரிய பார் அதுக்கு அடியில போச்சு" என்றான். சங்கு கிடக்கிற கடல் தரையை நாங்கள் பார் என்போம். அது எங்கள் பிழைப்பு. ஆகவே ஊர் முதலில் கவலைப்பட்டது அதற்குத்தான்.

மலை எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்ன மூன்று பேரும் கடலில் கால் நனைக்காதவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயிலில் திரிகால மணி அடித்ததும் மலை சத்தமில்லாமல் இறங்கிப்போனது, அலை கோயிலின் மூன்றாவது படி வரைக்கும் வந்து திரும்பியது, திங்கட்கிழமை விடிந்ததும் நாங்கள் வழக்கம்போல வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு பெரிய பாருக்குப் போய்ச் சங்கு குளித்தோம், தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை மலை திரும்ப வந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை அது வந்தபோது திரும்பிப் பார்த்தவை ஆடுகள் மட்டும்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். முதலில் மீன்காரர்கள் கோடாலியும் சாக்குமாகப் போய் ஐஸ் வெட்டிக்கொண்டு வந்து பெட்டியில் போட்டார்கள், ஐஸ் ஃபேக்டரிக்காரர் மேலிடத்துக்கு மனு எழுதினார், மனு மீன்துறைக்குப் போனது, மலை எங்கள் இலாகா இல்லை என்று அவர்கள் வனத்துறைக்கு அனுப்ப, ஒரு மரம்கூட இல்லாத மலை எப்படி வனமாகும் என்று இவர்கள் வருவாய்த்துறைக்கு அனுப்ப, அங்கிருந்து ஒரு அதிகாரி கோட்டு போட்டுக்கொண்டு வந்து, வள்ளத்தை விட்டு இறங்காமலேயே பார்த்துவிட்டு, வேலை நாட்களில் இல்லாத நிலத்துக்கு சர்வே எண் கொடுக்க விதியில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். தவசு காலத்தில் உல்லாசமாக மலைக்குப் போவது பாவமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டு, ஏறுவது தவம், இறங்குவது உல்லாசம், ஆகவே ஏறும்போது ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஏறுங்கள், இறங்கும்போது வாயைத் திறக்காமல் இறங்குங்கள் என்றார். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சனி ஞாயிறு ட்ரிப் என்று போர்டு கட்டிய வேன்கள் வந்தன, குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக இறங்கினார்கள், குழந்தைகளைப் பிளாஸ்டிக் தாம்பாளத்தில் உட்காரவைத்துச் சறுக்கிவிட்டார்கள். சுண்டல் விற்கிறவள் தன் சுண்டல் கல்லாகிப் போகிறது என்று இரண்டு வாரம் அழுதாள், பிறகு கல்லான சுண்டலையே விற்றாள், அதையும் வாங்கிக் கடித்தார்கள். தலையில் பனியோடு கோயிலுக்குள் வரக் கூடாது என்று உபதேசியார் வாசலில் துண்டோடு நின்றார்.

இதெல்லாம் அடிவாரத்தில். மேலே ஏறுவதென்றால் வேறு சங்கதி. அதற்கு ஊர்க் கமிட்டி கூடி ஒரு சட்டம் போட்டது, அந்தச் சட்டம் எங்கள் கடல் சட்டம்தான்.

சங்கு குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனையை வள்ளத்தில் நின்று ஒருவன் பிடித்திருப்பான். கீழே இருக்கிறவன் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால், அதை வெட்டுவது என்போம், மேலே இருக்கிறவன் உடனே தூக்க வேண்டும். அப்படிப் பிடிக்கிறவன் குளிக்கிறவனுடைய பெண்டாட்டியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி கூடாது, இவன் போனால் அவனுக்கு வீட்டில் பங்கு கூடும். சிநேகிதன் கூடாது, சிநேகிதன் எதற்கும் கூடாது. பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கயிற்றை விட்டால் தாலி இறங்குவது அவனுடைய அக்காளுக்கோ தங்கச்சிக்கோ. அதனால் அவன் விட மாட்டான். யார் வைத்த வழக்கம் என்று கேட்டால் செத்தவர்கள் வைத்தது என்று சொல்வோம்.

மலைக்கும் அதுதான் என்று கமிட்டி சொல்லிவிட்டது. மச்சினன் இல்லாதவன் அடிவாரத்தோடு நிற்க வேண்டியது. ஏழு மச்சினன் உள்ள ஒருத்தன் அந்த மாதம் ஊருக்குள் நடந்த நடையை நான் மறக்க மாட்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் நகையைக் கேட்பதற்கு முன்னால், பெண்ணுக்குத் தம்பி உண்டா, கை பலமுள்ளவனா என்று கேட்டார்கள். மச்சினன் உள்ளவர்கள் ஏறினார்கள், மச்சினன் கீழே வள்ளத்தில் நின்று கயிறு பிடித்தான், முப்பது பாகம் ஏறியதும், ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், கயிறு தீர்ந்துபோனது, அங்கேயே நின்று ஊரைப் பார்த்துக் கையாட்டிவிட்டு இறங்கினார்கள். யாராவது வழுக்கிப் பயந்து கயிற்றை வெட்டினால், கீழே இருக்கிறவன் முப்பது வருஷப் பழக்கத்தில் பலம்கொண்ட மட்டும் இழுப்பான். இழுத்தால் ஆள் மேலே வருவான் என்றுதான் அந்தக் கைக்குத் தெரியும். மலையில் கீழே வருகிறான் என்று கைக்கு யார் சொல்வது. அப்படி ஐந்து பேர் மோவாய் தேய வந்து விழுந்தார்கள், ஐந்து பேரும் மச்சினனுக்கு நன்றி சொன்னார்கள்.

நான்காம் வாரம் வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், செருப்பில் இரும்புப் பல் வைத்திருந்தவள், இதைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். கயிற்றின் இரண்டு முனையிலும் ஆள் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து நடக்க வேண்டும், ஒருவன் விழுந்தால் மற்றவன் பிடிக்க வேண்டும், இவன் விழுந்தால் அவன், அவன் விழுந்தால் இவன் என்றாள். கமிட்டி இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தது. அப்படியானால் இவனுக்கு அவன் மச்சினனாக இருக்க வேண்டும், அவனுக்கு இவனும் மச்சினனாக இருக்க வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் மட்டும்தான் உச்சிக்குப் போகலாம் என்று தீர்ந்தது. ஊரில் அப்படி மூன்று ஜோடி. ஒரு ஜோடி படுக்கையில் கிடந்தது. ஒரு ஜோடி பேசிப் பதினேழு வருஷம். மூன்றாவது ஜோடி நானும் தொபியாவும்.

என் பெயர் கஸ்பார். என் பெண்டாட்டி மெர்சலின், தொபியாவின் அக்கா. தொபியாவுக்கு வாழ்க்கைப்பட்டவள் செசிலி, என் தங்கச்சி. ஒரே நாள், ஒரே பூசையில் இரண்டு கல்யாணமும். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷம், ஒரு நாள் நான் குளிக்க அவன் பிடிப்பான், மறுநாள் அவன் குளிக்க நான் பிடிப்பேன். இதில் ஒன்று மட்டும் உண்டு. செசிலி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை கிடையாது. அவள் போன பிறகும் நான் தொபியாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பது வருஷம். ஒரு நாள்கூட விடவில்லை.

அந்தத் தவசு காலத்தில்தான் தொபியாவுக்கு மணற்குடியில் பெண் பேசுகிறார்கள் என்று மீன் ஏலத்தில் என் காதில் விழுந்தது. முப்பத்தெட்டு வயசுப் பெண், அவளுக்கு ஒரு தம்பி, தம்பிக்குச் சொந்த வள்ளம். அவன் அவளைக் கட்டினால் கயிறு அந்தத் தம்பி கைக்குப் போகும், தொபியா என் வள்ளத்தை விட்டுப் போய்விடுவான், வழக்கப்படி அதில் நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவனிடம் நான் கேட்கவில்லை. வள்ளத்துக்கு ஆள் இருக்காதே என்று மெர்சலினிடம் கத்தினேன். வள்ளத்துக்காகத்தான் கத்தினேன் என்று அப்போது நானும் நம்பினேன்.

மலை எனக்கு அதற்குத்தான் வேண்டியிருந்தது. உச்சிக்குப் போய் உச்சியிலிருந்து அவனை என் கயிற்றில் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால், அதற்குப் பிறகு தொபியாவின் கயிற்றைப் பிடிக்க வேறொரு கை வேண்டும் என்று எவனும் சொல்ல முடியாது. தொபியாவும் சொல்ல மாட்டான். குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவனைக் கரையில் பிடித்துச் சொன்னேன்.

"மாப்ள, உச்சி வரைக்கும் போயிட்டு வருவோம். அப்புறம் ஒனக்கு எந்த மச்சினன் வேணும்னு நீயே சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான். "செரி அத்தான்" என்றான்.

சனிக்கிழமை விடிகாலை ஏறினோம். டயர் செருப்பில் ஆணி அடித்து, முழங்கால் வரைக்கும் சாக்கைச் சுற்றிச் சணலால் கட்டி, கண்ணுக்குக் கீழே கரி பூசி, ஆளுக்கொரு நங்கூரக் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, தோளில் ஆளுக்கொரு சங்குப் பை, அதில் புட்டும் கருப்பட்டியும். கயிறு பதினைந்து பாகம். முன்னால் நான், பின்னால் அவன். கீழே குழந்தைகள் சறுக்குகிற இடத்தைத் தாண்டி, முப்பது பாகத்தில் எல்லோரும் நின்று கையாட்டுகிற இடத்தைத் தாண்டி, பனி ஆற்றின் முதுகின் மேல் நடந்தோம். அது நகர்ந்துகொண்டே இருக்கும், நகர்வது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும், நங்கூரம் இழுபடுகிற வள்ளம் மாதிரி அடியில் முனகிக்கொண்டே இருக்கும். அங்கங்கே வெடித்து வாய் பிளந்து கிடந்தது. சில வெடிப்புகளைத் தாண்டலாம், சிலவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், சிலவற்றின் மேல் புதுப்பனி மூடி ஒன்றும் தெரியாமல் கிடக்கும், அதைக் கொக்கியால் குத்திக் குத்திப் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும், ஆழமில்லாத கடலில் துடுப்பைக் குத்திப் பார்ப்பதுபோல.

மத்தியானம் தொபியா ஒரு தரம் வழுக்கினான். கயிறு இழுத்தது. நான் கொக்கியைப் பனியில் ஊன்றி உட்கார்ந்து பிடித்துவிட்டேன். அவன் இரண்டு ஆள் உயரம் சரிந்து நின்றான். எழுந்து தட்டிக்கொண்டு, நல்லா பிடிச்சீங்க அத்தான் என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே காட்டவில்லை.

இரவு ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக் கிடந்தோம். காலையில் எழுந்தபோது உச்சி கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது, நடக்க நடக்கத் தள்ளிப்போனது. பத்து மணிவாக்கில் மேகம் இறங்கியது. கொக்கி பிடித்த என் கையே எனக்குத் தெரியவில்லை. ஒரு இடத்தில் நின்று அவனைக் கூப்பிட்டேன், செருப்பு வார் அறுந்துபோச்சு, கட்டிக்கிட்டு வாறேன், நீங்க நில்லுங்க என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, போகலாம் என்று குரல் வந்தது. நடந்தேன். கயிற்றில் அவனுடைய பாரம் சரியாக இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த பாரம். கயிறு தளர்ந்தால் அவன் கிட்டே வருகிறான், இறுகினால் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டு, மேகத்துக்குள் அவனோடு பேசிக்கொண்டே போனேன். அதிகம் பேசுகிறவன் இல்லை நான். அன்றைக்குப் பேசினேன். செசிலியைப் பற்றிக்கூட இரண்டு வார்த்தை சொன்னேன்.

மத்தியானத்துக்கு மேல் காலடியில் பனி இடிந்தது. நான் விழுந்தேன்.

விழும்போது பயமில்லை. கயிறு இருக்கிறது, மறுமுனையில் மெர்சலினின் தம்பி இருக்கிறான், இதோ இறுகும், இதோ இறுகும் என்று நினைத்துக்கொண்டே விழுந்தேன். இறுகவில்லை. ஒரு விளிம்பில் போய் மோதி நின்றேன். என் பின்னாலேயே கயிறு சுருள் சுருளாக வந்து மடியில் விழுந்தது, கடைசியில் மறுமுனையும் வந்து முதுகில் மோதியது. அதில் தொபியா இல்லை. அவனுடைய சங்குப் பை இருந்தது. பை நிறையப் பனியை அடைத்து, அமுக்கி, இழுத்தால் ஆள் பாரம் தெரிகிற மாதிரிச் செய்து, கயிற்றை அதன் வாயில் கட்டியிருந்தான். முடிச்சைப் பார்த்தேன். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, இழுத்து இறுக்கி நுனியைச் செருகியிருந்தது. பதறிய கை போட்ட முடிச்சு இல்லை.

அந்தப் பிளவுக்குள் நீலமாக இருந்தது. பத்துப் பாகம் ஆழத்தில் கடல் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு தரம் கூப்பிட்டேன். பிறகு கூப்பிடவில்லை. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனி உருகவும் இல்லை.

மணி அடித்தது. இரண்டு மைல் தாண்டி அந்தச் சத்தம் பனிக்குள் எப்படி வந்தது என்று தெரியாது, வந்தது. மலை இறங்கியது. சுவர் மெல்ல நிறம் மாறி, கைவைத்த இடம் நனைந்து, பிறகு கைவைக்கச் சுவரே இல்லாமல், நான் உட்கார்ந்திருந்த விளிம்பு தண்ணீராகிப்போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். காலுக்குக் கீழே பெரிய பார் தெரிந்தது, சங்குகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. பழக்கத்தில் கயிற்றை ஒரு தரம் வெட்டி இழுத்தேன். இழுத்த பிறகுதான் நினைவு வந்தது. நானே நீந்தி மேலே வந்தேன்.

ட்ரிப் ஆட்களை ஏற்றித் திரும்பிய வள்ளம் ஒன்று என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டது. குல்லாய்க்காரர் ஒருவர் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். கரையில் ஊர் நின்றது. மெர்சலின் துண்டோடு நின்றாள், பக்கத்தில் தொபியா நின்றான், செருப்பு வார் அறுந்த மாதிரித் தெரியவில்லை.

"வந்துட்டீங்களா" என்றான். "ஒங்க மூச்சு தாங்கும்னு தெரியும்."

நான் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கமிட்டி கூடியது. மச்சினன் கயிற்றை விட்டான் என்று ஊரில் அதுவரைக்கும் ஒரு வழக்கு வந்ததில்லை, அதனால் எல்லோரும் வந்திருந்தார்கள், சுண்டல்காரிகூட வந்திருந்தாள். உன் அக்கா புருஷனை விட்டுவிட்டு வந்தது ஏன் என்று தொபியாவைக் கேட்டார்கள். அவன் எழுந்து நின்று, நான் அவரைச் சாகவிட நினைக்கவில்லை, மேல போனா வெட்டவெளிப் பாறைதான், பிளவு இருக்காதுன்னு நினைச்சேன், அந்தக் குற்றத்தை ஒத்துக்கிடுதேன் என்றான். பிறகு என்னைப் பார்த்துப் பேசினான்.

"கயித்துக்கு ரெண்டு முனை அத்தான். ஒங்க முனை அக்காவுக்காவ நிக்கும். என் முனை செசிலி போன அன்னைக்கே அவுந்துட்டு."

"ஒம்பது வருஷம் பிடிச்சேனே, மாப்ள."

"என்னைய நீங்க பிடிக்கல. பையப் பிடிச்சீங்க."

எனக்கு விளங்கவில்லை. அவனே விளக்கினான், சாவகாசமாக, முன்பே பலருக்குச் சொன்னதைச் சொல்கிற மாதிரி. தண்ணீருக்குள் இறங்கியதும் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துப் பையில் கட்டிவிடுவானாம். மேலே வரும்போது பையின் வாயை ஒரு கையால் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருவானாம். நான் கயிற்றை விட்டால் அவனும் பையை விட்டுவிட்டு நீந்திக்கொள்ளலாம். வள்ளத்தில் நின்ற எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஒன்பது வருஷம் அவன் உயிரைத் தூக்குகிறேன் என்று சங்கைத் தூக்கியிருக்கிறேன்.

ஏன் என்று கேட்டேன். அதற்கும் வைத்திருந்தான். செசிலி போன அன்று அவன் கீழே இருந்தான். கரையிலிருந்து ஒரு வள்ளம் வந்து என்னிடம் சேதி சொன்னது. அந்த நேரம் பார்த்து அவன் கயிற்றை வெட்டியிருக்கிறான்.

"ஒரு மூச்சு பிந்தி இழுத்தீங்க" என்றான்.

"அழுதுக்கிட்டு நின்னேன்டா."

"ஆமா. மேல வந்த பொறவு பாத்தேன், அழுதீங்க. கீழ எனக்கு அது தெரியாதே."

அவன் இன்னொன்றும் சொன்னான். சனிக்கிழமை மலையில் அவன் வழுக்கவில்லையாம், வேண்டுமென்றே சரிந்து பார்த்தானாம். அங்கனயும் ஒரு மூச்சு பிந்திச்சு அத்தான் என்றான். நான் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இருக்கலாம்.

கமிட்டித் தலைவர் என்னைக் கேட்டார். கஸ்பார், உம்ம தங்கச்சி போய் ஒம்பது வருஷம் ஆச்சு, இவன் விழுந்திருந்தா யாருக்காவ நீரு பிடிச்சிருப்பீரு என்றார். கையில கயிறு இருந்தா பிடிப்பேன் என்றேன். அது பதில் இல்லை என்றார். சுற்றிப் பார்த்தேன். பக்கத்து வள்ளங்களிலிருந்து தொபியாவோடு ஒரே பாரில் குதிக்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. தண்ணீருக்கு அடியில் கண் திறந்திருந்த ஒவ்வொருவனும் ஒன்பது வருஷமாக இதைப் பார்த்திருக்கிறான். எனக்கு ஒருவனும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அதுதானே முறை என்று நினைத்திருக்கிறார்கள்.

தீர்ப்பு சுருக்கம். சொல்லாமல் அவிழ்த்தது தப்பு, அதற்கு மாதா பீடத்தில் ஒரு மெழுகுதிரி. அவிழ்த்தது தப்பில்லை.

வீட்டுக்கு வந்தேன். மெர்சலின் சோறு போட்டாள். மூலையில் அந்தப் பை காய்ந்துகொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு கைப்பிடி உண்டு, நைலான் நூலில் மூன்று புரியாகப் பின்னியது, மெர்சலினின் கைவேலை. கரையில் தூக்கிக்கொண்டு போக வசதி என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பிடியை எப்போது பின்னினாய் என்று கேட்டேன். செசிலிக்கு முப்பதாம் நாள் பூசை வைத்த வாரம் என்றாள், மறைக்கவில்லை.

"ஒனக்கும் என் கைமேல நம்பிக்கை இல்ல."

"அவன் என் தம்பில்லா" என்றாள். ரசத்தை ஊற்றிவிட்டு, எனக்கு நேராக உட்கார்ந்தாள். "நான் இருக்கேன்னு ஒங்களுக்கு அவன் இருக்கான். அவனுக்கு யாரு இருக்கா?"

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் அத்தனை உயரம் ஏறினேன். சோற்றைப் பிசைந்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை மலை கடைசித் தடவை வந்தது. இரும்புப் பல் செருப்புக்காரி தன் ஆட்களோடு உச்சிக்குப் போய் வந்தாள், மேலே காற்றுதான் இருக்கிறது என்றாள். ஈஸ்டர் ஞாயிறு மணிக்கு அது இறங்கியது, பிறகு இந்தப் பதினாறு வருஷமாக வரவில்லை, ஐஸ் ஃபேக்டரி நன்றாக ஓடுகிறது. வைகாசியில் தொபியாவுக்கு மணற்குடியில் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசித்தார்கள். அதற்கு முன்னால் சங்கு குளிக்க எங்களுக்கு ஒரு நாள் மிச்சம் இருந்தது, அன்று கீழே போக வேண்டியது நான்.

பெரிய பாரில் வள்ளத்தை நிறுத்தினோம். தொபியா கயிற்றின் ஒரு முனையை எடுத்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலை அகட்டி நின்றான். அவன் அக்கா கரையில் உயிரோடு இருக்கிறாள், ஆகவே அவன் விட மாட்டான். மேகத்துக்குள் ஒரு தரம் விட்டான், இனி செத்தாலும் விட மாட்டான். என் உயிருக்கு அந்தக் கடலில் அதைவிடக் கெட்டியான பிடி கிடையாது, அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைத்தான் பிடிக்கிறான் என்று இருபத்தெட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுமுனையை எடுத்து என் பையில் கட்டினேன். தண்ணீருக்குள் போய்க் கட்டவில்லை, வள்ளத்தில் உட்கார்ந்து, அவன் பார்க்கும்படிக் கட்டினேன். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு. அவன் பார்த்தான். நான் வெறும் இடுப்போடு குதித்தேன்.

கீழே பதினொரு சங்கு எடுத்தேன். பையில் போட்டு வாயை இறுக்கி, கயிற்றை ஒரு தரம் வெட்டினேன். ஒரு மூச்சுகூடப் பிந்தவில்லை, உடனே இழுத்தான். சங்குப் பையை எப்படி இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், வெடுக் வெடுக்கென்று, தரையில் இடித்தாலும் கவலைப்படாமல் இழுப்பார்கள். அவன் அப்படி இழுக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிற மாதிரி, காதடைக்காமல் இருக்க மூன்று பாகத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, நிறுத்தி, மெதுவாக இழுத்தான். நான் பாரிலேயே நின்று அது மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிடித்த மூச்சு இருந்த வரைக்கும்.